ஸ்பிரிங் பக்கம்

ஈச்சங்குறிச்சியில் புரட்டாசி பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு ஒழுகல் நின்றது. குழாய், கூரை, ஏரி மதகு, மண்பானை, வெட்டுக்காயம், மூக்கு, கண் என்று எதெது தானாகக் கசியுமோ அத்தனையும் ஒரே நேரத்தில் நின்று, பங்குனி இருபதாம் தேதி வரைக்கும் அப்படியே இருந்தது. ஏன் நின்றது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். காரணம் டிராக்டர் மெக்கானிக் செல்லக்கண்ணுவுக்குத் தெரியும். அது அவர் செய்த வேலை.

செல்லக்கண்ணுவுக்கு அறுபத்தாறு வயது. மெயின் ரோட்டோரம் வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் எந்நேரமும் பிரித்துப் போட்ட ஒரு டிராக்டர். அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரே நிற்பவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பான். பழைய வண்டிகள் எல்லாமே ஒழுகும். ஊற்றிய எண்ணெய் கியர்பாக்ஸில் தங்காது, எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையமான சீல் தேய்ந்து எங்காவது ஓரிடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். வண்டி நின்ற இடத்தில் கறுப்பு வட்டத்தைப் பார்த்துப் பதறி ஓடி வருகிறவனுக்கெல்லாம் அவர் நாற்பத்தொரு வருஷமாக ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குதுன்னு அர்த்தம். ஒழுகுறது நின்னா வா."

அவருக்கு ஒரே மகன், செழியன். முப்பத்தொரு வயது. பொண்ணு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்த பழைய சிவப்பு டிராக்டரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஆடி மாசத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"ப்பா, வலது பக்க ஆக்சில் சீல் போயிருச்சு. கியர்பாக்ஸ் எண்ணெய் பிரேக்குல ஏறுது. மிதிச்சா வழுக்குது."

"வெங்காய லோடு முடியட்டும். கழட்டுனா ரெண்டு நாள் வண்டி நிக்கும்."

"மேட்டுல பயமா இருக்குதுப்பா."

"பயந்தவன் எதுக்கு வண்டி ஓட்டுற. பிரேக்கு டிரம்ம பெட்ரோல் விட்டுத் தொடச்சிக்க."

அவரே ஒருமுறை துடைத்தும் கொடுத்தார். பிரேக் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆக்சில் ஓரத்தில் சோப்புத் தடவிய சணல் நூலைச் சுற்றி, "போ, தாங்கும்" என்றார். அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஊரார் வண்டிகள் பதினொன்றுக்கு சீல் மாற்றினார். வீட்டு வண்டி வரிசையில் கடைசி. எந்த மெக்கானிக் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

ஆவணி கடைசி நாள், நாற்பத்திரண்டு மூட்டை சின்ன வெங்காயத்தோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி பின்னால் வழுக்கியது. செழியன் மிதித்திருக்கிறான். பிரேக் பெடல் தரைவரைக்கும் அமுங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். டிரெய்லர் மடங்கி, வண்டி புரண்டு, அவன் அடியில்.

அவனுடைய அம்மா மருதாயி அப்போது அழவில்லை. வருகிறவர்களுக்கு டீ வைப்பதும் பாய் விரிப்பதும் சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதுமாக இருந்தாள். கட்டிப் பிடித்து அழ வந்த பெண்களை எல்லாம் முதுகைத் தட்டிக் கொடுத்து உட்கார வைத்தாள். "கருமாதி முடியட்டும். எல்லாரும் போவட்டும். நான் பொறுமையா அழுதுக்கறேன்" என்றாள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மறுநாள் காலை கடைசி விருந்தாளியை ஒன்பதரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, வாசலைப் பெருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, நடுவீட்டில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள், அழுவதற்கு.

அதே காலையில்தான் செல்லக்கண்ணு கொட்டகைக்குள் போய் சிவப்பு டிராக்டரின் வலது சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மைக் கழற்றினார், ஆக்சிலை உருவி எடுத்தார், உள்ளே ஊறிக் கிடந்த சணல் நூலைப் பார்த்தார், பார்த்துவிட்டு அதைத் தூக்கிப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், பிறகு மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, பழைய சீல் உரசி உரசி ஆக்சிலில் விழுந்திருந்த மயிரிழைப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பள்ளம் இருக்கும்வரை எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது என்பதால் அதை உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்ததன் மேல் எண்ணெய் தடவி, மறுபடி தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தால் கன்னம் வழுக்குகிற அளவுக்கு வழவழப்பாக்கி, புது சீலை எடுத்து ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே எண்ணெயைப் பார்க்க வைத்து, அதன் உதட்டில் கிரீஸ் தடவி, ஒரு துண்டுக் குழாயை மேலே வைத்து நாலாபக்கமும் ஒரே அளவாகத் தட்டித் தட்டி இறக்கினார். ஒரு மனிதன் வாழ்நாளில் ஒருமுறைதான் அப்படி ஒரு சீல் போட முடியும். கடைசித் தட்டு தட்டும்போது மணி பத்து. சீலைப் பார்த்து, "இனிமே ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது" என்றார்.

வரவில்லை. நடுவீட்டில் வாயைத் திறந்த மருதாயிக்குச் சத்தமும் வரவில்லை, கண்ணிலும் வரவில்லை. சற்று நேரம் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய் உலை வைத்தாள்.

மத்தியானம் கை கழுவப் போன செல்லக்கண்ணு, ஒன்பது வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த வாசல் குழாய் காய்ந்து கிடப்பதைப் பார்த்தார். திருகினால் தண்ணீர் வந்தது, மூடினால் சொட்டில்லை. கொட்டகைக்குப் போய் ஆக்சில் மூடியின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினார். வெளியே குழாய் சொட்டியது. இறுக்கினார். நின்றது. இரண்டு தரம் செய்து பார்த்துவிட்டு, "சரி" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் முதலில் சந்தோஷப்பட்டது. ஐப்பசி அடைமழை பதினோரு நாள் பெய்தும் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ஊரே ஒழுகாதபோது மழை மட்டும் எப்படிப் பெய்கிறது என்று கேட்டதற்கு, மேகம் நம்ம ஊருது இல்லையே என்றார்கள். எந்தக் காலத்திலோ ஓட்டை விழுந்து ஏரித் தண்ணீரை எல்லாம் ஓடையில் விட்டுக்கொண்டிருந்த மதகு இறுகிப் போய், ஏரி கார்த்திகையிலேயே நிரம்பிக் கரையைத் தொட்டது. பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகவில்லை. கிழங்கட்டைகளுக்குக் காதில் சீழ் இல்லை. திறந்து விடுவது எல்லாம் எப்போதும் போல வந்தது, பால் கறந்தால் வந்தது, போகவேண்டியதற்குப் போனால் போனது. தானாகக் கசிவதுதான் நின்றது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. மண்பானை கசியாததால் தண்ணீர் குளிரவில்லை. பனை ஏறும் சாமியடியான் கட்டிய பானைகளில் பதநீருக்குப் பதிலாக எறும்புகள் இருந்தன. அரிவாள் பட்ட விரல் காய்ந்த விறகு பிளந்ததுபோல இருந்தது, ரத்தம் இல்லை. சுகாதார நிலையத்தில் தலைகீழாகத் தொங்கிய குளுக்கோஸ் பாட்டில் அப்படியே தொங்கியது. நர்சு அதைத் தட்டினாள், குலுக்கினாள், புது ஊசி மாற்றினாள், பிறகு நோயாளியைக் கட்டிலோடு வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் பாட்டிலில் சொட்டு விழ ஆரம்பித்தது. அங்கேயே வேனை நிறுத்திப் புளியமரத்தில் பாட்டிலைக் கட்டி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதன்பிறகு புளியமரத்தில் ஏழெட்டுக் கொக்கி அடித்துவிட்டார்கள். வேலை செய்து வேர்க்காமல் உடம்பு கொதித்தவர்கள் சாயந்திரம் கல்லைத் தாண்டிப் போய் அரைமணி நேரம் நின்று வேர்த்துவிட்டு வந்தார்கள்.

அழுகையும் அங்கேதான். முதலில் போனது, புருஷன் அடித்த ஒரு பெண். அடி வாங்கியும் அழ வராமல் நெஞ்சு அடைத்து, அம்மா வீட்டுக்கு என்று கிளம்பியவள், கல்லைத் தாண்டியதும் அழுகை வந்து, அழுது முடித்து, இனி அம்மா வீட்டுக்கு எதற்கு என்று திரும்பி வந்தாள். பிறகு எல்லாரும் போனார்கள். சாவு விழுந்தால் பாடையைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்து அழுதுவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்து சுடுகாட்டுக்குப் போனார்கள். கல்யாணப் பெண்ணை அனுப்பும் அம்மாக்கள் கல்வரை காரில் கூடப் போனார்கள். பஞ்சாயத்துத் தலைவி கஸ்தூரி அங்கே ஒரு கொட்டகை போட்டு, இரண்டு சிமெண்டு பெஞ்சு வைத்து, ஒரு குடம் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்தாள். மினி பஸ் கண்டக்டர் "அழுவக்கல்லெல்லாம் எறங்கு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஆறு மாதத்தில் அது இன்னொரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான்.

மருதாயி மட்டும் போகவில்லை. கஸ்தூரி இரண்டு தரம் வந்து கூப்பிட்டாள்.

"வா சின்னம்மா. நான் கூட வர்றேன். ஒரு நட அழுதுட்டு வந்துரலாம்."

"எம்புள்ள விழுந்தது இந்த ஊரு மேட்டுல. அடுத்த ஊரு மண்ணுல போயி நான் எதுக்கு அழுவணும்? பஸ்ஸுல டிக்கெட்டு எடுத்துப் போயி அழுவுறதுக்கு எம்புள்ள என்ன சினிமாவா?"

கஸ்தூரி தனியாகவே திரும்பிப் போனாள்.

அழாத கண்ணீர் எங்கே போகும்? மார்கழியில் மருதாயியின் பாதம் வீங்கியது. தையில் முழங்கால்வரை ஏறியது. மாசியில் இமை இரண்டும் தடித்து, விரல்கள் உருண்டு, கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தை வெட்டி எடுக்கவேண்டி வந்தது. டாக்டர் கிட்னி நன்றாக இருக்கிறது, இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். அவள் நடந்தால் முழுசாக நிரம்பாத குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. தெருவில் போகும்போது அந்தச் சத்தம் கேட்டு ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். படுத்தால் மூச்சு முட்டியது என்று உட்கார்ந்தே தூங்கினாள். மெலிந்து எலும்பாக இருந்தவள், செல்லக்கண்ணு கண்ணெதிரே, நாளுக்கு நாள் நிரம்பிக்கொண்டிருந்தாள். இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். நிரம்பிய எதற்கும் கடைசியில் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஒரு போல்ட் தளர்த்தினால் போதும். தினமும் போல்ட் திருகும் பானாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போவார். வண்டிக்கு முன்னால் நிற்பார். திரும்பி வந்துவிடுவார். செழியன் அவரிடம் தன் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு சீல்தான். செருப்புகூடக் கேட்டதில்லை. இப்போதுதான் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பிடுங்குவதற்குக் கை வரவில்லை.

பங்குனி பதினெட்டாம் தேதி மத்தியானம் சாப்பாட்டைப் போட்டுவிட்டு மருதாயி எதிரே உட்கார்ந்தாள். குனிய முடியாததால் குழம்பை நின்றபடியே ஊற்றியிருந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் அவர்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கண்ணாடியில பாத்தியா உன்ன?"

"பாத்தேன்." விரல்களை முந்தானையில் துடைத்தாள். "அந்த வண்டிச் சீலுதான?"

செல்லக்கண்ணு சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"நீங்க அன்னைக்கு போல்ட்ட லூசு பண்ணி டைட்டு பண்ணி வெளையாண்டப்ப குழாயடியில நாந்தான் நின்னேன்" என்றாள்.

"அவன் கேட்டது அது ஒண்ணுதான். அதப் போயி கழட்டச் சொல்றியா?"

"நான் கழட்டச் சொல்லல." மருதாயி தட்டையே பார்த்தாள். "நல்ல சீலு. அதுல ஒரு கொறையும் இல்ல. ஒரு இருவது நாளு முன்னாடி போட்டிருக்கணும்."

ஆறரை மாதத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அந்த ஒன்றுதான். செல்லக்கண்ணு எழுந்து கை கழுவினார். மறுநாள் காலையில் ஜமால் டீக்கடைக்குப் போய், டீ சொல்லாமல், நின்றபடியே சொன்னார்.

"நாளைக்குக் காலையில அந்தச் சீலக் கழட்டப் போறேன். கூர ஒழுகுறவன் ஒட்டிக்க. அவ்வளவுதான்."

எந்தச் சீல் என்று கேட்டார்கள். சொன்னார். நாலே வாக்கியம். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏதோ ஒரு சாமானில் ஏதோ ஒன்று இறுகியிருக்கும் என்று எல்லாருமே நினைத்துத்தான் இருந்தார்கள்.

"கழட்டு மாமா, புண்ணியமாப் போவும். வர்ற சித்திரையிலயாவது பதனி குடிக்கலாம்" என்றான் பனையேறும் சாமியடியான்.

"உனக்குப் பதனி. எனக்கு மூணு ஏக்கரு கடலை நிக்குது. ஏரி ஒழுகிப்போனா கடைசித் தண்ணிக்கு உங்கிட்ட வரவா?" என்றான் ஒருவன்.

விஷயம் கேட்டு வந்த கஸ்தூரி, "சித்தப்பா, ஏரி மதக மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஒழுவுற மாதிரி எதாச்சும் செய்ய முடியாதா?" என்றாள்.

"நான் டிராக்டர் மெக்கானிக்கு."

கடலைக்காரன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பெஞ்சு மூலையில் உட்கார்ந்திருந்த வையாபுரி பேசினான். அவன் பேசுகிற ஆள் இல்லை. நாற்பது நாளுக்கு முன்னால் அப்பாவைப் பறிகொடுத்தவன்.

"எங்கப்பனுக்கு அழுவக்கல்லுல போயித்தான் அழுதேன். நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. பாதியில மினி பஸ்ஸு வந்துருச்சு. அத வுட்டா அடுத்தது சாயந்திரந்தான்னு ஏறிட்டேன்." டீ கிளாசைக் கீழே வைத்தான். "மீதி அப்படியே நிக்குதுண்ணே. இங்க."

அதற்குப்பின் யாரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லை. ஆளாளுக்கு வீட்டில் ஒரு மீதி இருந்தது.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை உருவிவிட்டு, சீலின் விளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்பினார். அவ்வளவு நன்றாகப் போட்ட சீல் அவ்வளவு சுலபமாக வரவில்லை. நாலாவது நெம்பலில் வந்தது. ஆறு மாதம் அடைபட்டிருந்த கியர்பாக்ஸ் எண்ணெய் கறுப்பாக, கனமாக, சத்தமில்லாமல் அவர் கால்மேல் கொட்டியது. வாசல் குழாய் மூடியிருக்கும்போதே பீறிட்டது. சுற்றியிருந்த வீடுகளில் பானைகள் ஒரே நேரத்தில் வேர்த்தன, ஆறிய காயங்கள் திறந்துகொண்டன, தெருவில் நின்ற அத்தனை பேர் சட்டையும் நனைந்து முதுகில் ஒட்டியது, தூரத்தில் ஏரி மதகு உறுமுவது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவீட்டிலிருந்து மருதாயி.

அது முதலில் அழுகையாகவே இல்லை. கரை உடையும் சத்தமாக இருந்தது. பிறகு அதில் வார்த்தைகள் வந்தன.

"ஏ அய்யா, பிரேக்கு பிடிக்கலன்னு சொன்னியே அய்யா, சோறு போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு நின்னனே அய்யா, அந்த மனுசன் போன்னு சொன்னப்ப, போவாதன்னு நான் ஒரு வார்த்த சொல்லலியே என்னப் பெத்த அய்யா..."

செல்லக்கண்ணு கையில் சீலோடு நின்றார். எண்ணெய் கொட்டிக்கொண்டிருந்தது. உடனே எதையாவது போட்டு அடைக்கவேண்டும், மொத்தமும் கொட்டிவிட்டால் பிறகு ஒழுக ஒன்றும் இருக்காது, அது வண்டிக்கும் சரி, ஊருக்கும் சரி. தெரிந்தே நின்றார். அவர் தள்ளிப்போட்டதற்கு இத்தனை நாளில் அவள் சொன்னது அந்த ஒரு சொல்தான். தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், உள்ளுக்குள்ளேயே, சத்தமில்லாமல். அவளும் தள்ளித்தான் போட்டாள், விருந்தாளிகள் போகட்டும் என்று.

கஸ்தூரி ஓடி வந்தாள். அவள் முகமும் நனைந்திருந்தது, அவளுக்கு அழ என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

"சித்தப்பா, மதகு கொட்டுது. ஓடையில தண்ணி ரெண்டாளு ஒயரத்துக்குப் போவுது. இன்னும் எவ்வளவு நேரம்?"

"அவ அழுது முடிக்கட்டும்."

"ஏரி, சித்தப்பா."

"காது கேக்குது. போ."

அவள் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் நின்றவர்களும் உட்கார்ந்தார்கள். வையாபுரி தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு பாதியில் விட்டதை எடுத்து மறுபாதியை அழுதான். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, கதறல் விம்மலாகி, விம்மல் தேம்பலாகி, மருதாயி தண்ணீர் கேட்கும் குரல் வரும்வரைக்கும் செல்லக்கண்ணு அசையவில்லை. பிறகுதான் சீலை எடுத்தார்.

ஸ்பிரிங் பக்கம் உள்ளே எண்ணெயைப் பார்த்து இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் நிற்காது, துளித் துளியாக விட்டுக்கொண்டே இருக்கும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. செல்லக்கண்ணு நாற்பத்தொரு வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. சீலைத் திருப்பினார். ஸ்பிரிங் பக்கம் வெளியே பார்க்க வைத்து, குழாய்த் துண்டை மேலே வைத்து, நாலாபக்கமும் ஒரே அளவாகத் தட்டி இறக்கினார். தப்பாகப் போட்டாலும் கோணலாகப் போடக் கூடாது. மிச்சமிருந்த எண்ணெயில் ஒரு சொட்டு விளிம்பில் திரண்டு, யோசித்து, விழுந்தது. வாசலில் குழாய் பழையபடி சொட்டியது.

ஏரியில் பாதித் தண்ணீர் போயிற்று. கடலைக்காரன் ஒரு மாதம் அவர் வீட்டுப் பக்கம் பார்த்து எச்சில் துப்பினான். மூன்று பேர் வண்டியை வேறு ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அழுவக்கல் கொட்டகையில் இப்போது ஆடுகள் படுத்திருக்கின்றன. புளியமரத்துக் கொக்கிகளில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். மருதாயி மூன்று நாள் அழுது, பழைய உடம்புக்கு வந்து, அதற்கும் கீழே மெலிந்து, பிறகு சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். சமைக்கும்போது அழுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவாள்.

சிவப்பு டிராக்டரை விலைக்குக் கேட்டு ஒருவன் வந்தான். "பிரேக்கு பிடிக்காது. போ" என்று அனுப்பிவிட்டு, நாலு சக்கரத்தையும் கழற்றிச் செங்கல்மேல் நிறுத்திவிட்டார். பழைய சோற்றுக் குண்டானை வலது ஆக்சிலுக்கு அடியில் வைத்தார். நாளெல்லாம் அதில் சொட்டும். தினமும் விடிந்ததும் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சொட்டாக விழுவதை ஒரு மணி நேரம் பார்ப்பார். பிறகு குண்டானில் சேர்ந்ததை மேல்மூடி வழியாகக் கியர்பாக்ஸில் திரும்ப ஊற்றுவார்.

அவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. சீலைப் பிடுங்கிய அன்று ஊரே நனைந்தபோதும் அவர் கண் காய்ந்துதான் இருந்தது. வண்டி ஒழுகுகிறது என்று இப்போது யாராவது வந்தால், பழைய பதிலைச் சொல்வதில்லை. உள்ளே எண்ணெய் இருந்தால் ஒழுகும், ஒழுகாவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் பானாவை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கழற்றுவார். இரண்டு நாள் வண்டி நிற்குமே என்றால், "நிக்கட்டும்" என்பார். சட்டைப்பையில் அந்தச் சணல் நூல் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் மறக்காமல் எடுத்து மாற்றிக்கொள்கிறார்.

சித்திரையில் ஒருநாள் காலை, குண்டானைத் தூக்கிச் சாய்த்தவர் நிறுத்தினார். கறுப்பு எண்ணெய்க்கு அடியில், குண்டானின் அடித்தளத்தில், தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. பத்துப் பதினைந்து முத்துக்கள். மறுபடி சாய்த்தார். மறுபடி உருண்டது. மேலே பார்த்தார். தகரத்தில் ஓட்டை இல்லை. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

"ஏ மருதாயி. எவன்டி இதுல தண்ணி ஊத்துனது? எண்ணெயில தண்ணி கலந்தா கியர்பாக்ஸு என்னத்துக்கு ஆவும்?"

மருதாயி டீயோடு வந்தாள். குண்டானைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தாடியோரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"யாரும் ஊத்தல" என்றாள். "கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்க. எண்ணெ கெட்டுப் போவுது."

செல்லக்கண்ணு தள்ளி உட்காரவில்லை.